கீரை விதைக்கிற கை

எங்கள் வீட்டில் அக்கா கீரை மட்டும்தான் விதைப்பாள். சிறுகீரை, தண்டுக்கீரை, அரைக்கீரை, புளிச்சக்கீரை. காய்க்கிற எதையும், அதிலும் கொடியில் தொங்குகிற சுரை, பரங்கி, புடலை, பீர்க்கன் எதையும் அவள் கை மண்ணில் போட்டதில்லை. அதெல்லாம் என் மனைவியின் கை. இப்படி ஒன்பது வருஷம் நடந்தது. யாரும் இதைச் சட்டமாகப் போடவில்லை, வாய்விட்டுச் சொல்லவும் இல்லை. வீட்டில் ஒருத்தர் காபி போடுவதும் ஒருத்தர் துணி மடிப்பதும் மாதிரி இதுவும் ஒரு வேலைப் பங்கீடு என்றுதான் நான் நினைத்திருந்தேன். அப்படிச் சொல்வதுகூட முழு உண்மை இல்லை. அப்படி நினைப்பது எனக்கு வசதியாக இருந்தது.

பாகூரில் ஏரிப் பக்கம் போகிற தெருவில் எங்கள் வீடு. பின்னால் ஐந்து சென்ட் இடம் உண்டு. நான் புதுச்சேரியில் ஓர் அலுவலகத்தில் கோப்பு நகர்த்துகிறேன். காலையில் ஒரு பஸ், மாலையில் ஒரு பஸ். கரிக்கலாம்பாக்கம் வழியாகச் சுற்றிப் போகிற பஸ்ஸில் ஏறிவிட்டால் எனக்கு எரிச்சல் வந்துவிடும். வழியெல்லாம், போன வருஷம் நாற்று நின்ற இடத்தில் இந்த வருஷம் மனை பிரித்த வெள்ளைக் கல் நிற்கும். அந்த மனையை வாங்கி வீடு கட்டியவர் மொட்டை மாடியில் நான்கு பை மண் வைத்து, அதில் ஆறு மிளகாய் காய்த்ததைப் படம் பிடித்துக் காலையிலேயே வாட்ஸ்அப்பில் போடுவார். நானும் அதற்கு ஒரு கைகூப்பல் போடுவேன். அவரைச் சொல்ல எனக்கென்ன யோக்கியதை? எங்கள் வீட்டு அவரைக்காயைப் பையில் போட்டு அலுவலகத்துக்குக் கொண்டுபோய், 'நம்ம தோட்டத்துக் காய், மருந்தே அடிக்கறதில்ல' என்று மேஜை மேஜையாகக் கொடுத்தவன் நான். இயற்கை விவசாயி என்று பட்டமும் வாங்கினேன். அந்த மண்ணில் நான் குனிந்தது செருப்பைத் தேடுவதற்கு மட்டும்தான்.

அக்கா என்னைவிட ஆறு வயது மூத்தவள். வில்லியனூர் பக்கம் கட்டிக்கொடுத்தோம். பதினொரு வருஷம் பிள்ளை இல்லை. அந்த மனுஷன் இன்னொருத்தியைக் கட்டிக்கொண்டான். அவளுக்கும் பிள்ளை பிறக்கவில்லை என்பது பிற்பாடு காதில் விழுந்த சேதி. அதற்குள் அக்கா ஒரு பெட்டியோடு எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டாள். எங்கள் வீடு என்று எழுதுகிறேன். அது அப்பா கட்டிய வீடு, அதில் அவளுக்கும் பங்குண்டு என்று சட்டம் சொல்கிறது. நான் சொன்னதில்லை.

வந்த மறுவாரமே பின்பக்கம் இறங்கினாள். அப்போது அங்கே வேலிக்கருவையும் உடைந்த ஓடும்தான் இருந்தன. ஒரு மாதத்தில் அதைத் தரையாக்கினாள். யாரிடமும் உதவி கேட்கவில்லை. சாப்பிடுகிற சோற்றுக்கு வேலை செய்துவிட வேண்டும் என்று அவள் ஓடியதை நான் சுறுசுறுப்பு என்று எடுத்துக்கொண்டேன்.

ஆனி பாதி கழிந்ததும் விதை வாங்கப் போவாள். பஸ் நிற்கிற இடத்துக்குப் பக்கத்தில் பாய் ஒருவர் விதைக்கடை வைத்திருக்கிறார். பை தூக்குவதற்காக நானும் ஒன்றிரண்டு முறை போனதுண்டு. கடைக்கு வருகிற மற்றவர்கள் பாக்கெட்டின் மேலிருக்கிற படத்தைப் பார்ப்பார்கள். அக்கா படத்தைப் பார்க்கமாட்டாள்.

"படத்துல எல்லா காயும் பளபளன்னு தான் இருக்குது பாய். எந்த மாசம் கட்டினதுன்னு சொல்லு."

"நீ வர்றது தெரிஞ்சாலே பழசெல்லாம் உள்ள தூக்கி வச்சிடுவேன்க்கா," என்பார் பாய். சிரித்துக்கொண்டே சொன்னாலும் அது நிஜம்தான். ஒரு தடவை பஞ்சுமிட்டாய்க் கலரில் மருந்து பூசிய வெண்டை விதையைக் கையில் கொட்டிப் பார்த்துவிட்டு, அதில் உடைசல் எவ்வளவு என்று காட்டித் திருப்பிக் கொடுத்தாள். பாய் அதை வாங்கி வேறு ஒருவருக்கு விற்றார்.

எந்தக் காயில் எந்த ரகம் என்பதில் அவளுக்கு ஒரு கணக்கு இருந்தது. ஏரி நிறைகிற சமயம் எங்கள் பின்பக்கம் ஈரம் கசியும், அதனால் பாகலை மேட்டில்தான் போட வேண்டும். கொத்தவரை கார்த்திகை மழைக்கு முன்னால் காய்த்து முடிந்துவிட வேண்டும், ஆகவே அது முதலில். கத்தரியில் கடையில் கிடைக்கிற நீட்டு ஊதா வேண்டாம், அதைத்தான் கடையில் வாங்கலாமே. பச்சை வரி ஓடுகிற குட்டைக் கத்தரி வேண்டும். அவரையில் பந்தல் அவரை, ஏனென்றால் அது மார்கழிப் பனிக்குக் காய்க்கும். புடலையில் குட்டை ரகம், கல் கட்டித் தொங்கவிடுகிற தொல்லை இல்லை. இதையெல்லாம் நாட்காட்டித் தாளின் பின்பக்கத்தில் எழுதி வைத்துக்கொள்வாள். போன வருஷத்து விதைகளைச் சாம்பலில் புரட்டிக் காயவைத்து ஒரு பழைய பிஸ்கட் டப்பாவில் போட்டிருப்பாள்.

ஆடியில் ஒரு வெள்ளிக்கிழமை விதைப்பு. அதற்கு மூன்று நாள் முன்னாலிருந்தே அக்கா குழி எடுப்பாள், மக்கிய எருவும் சாம்பலும் மேல்மண்ணும் கலந்து நிரப்புவாள், கொடி விதைகளைச் சாணிக் கரைசலில் ஊறவைப்பாள், எந்தக் குழியில் எது என்று குச்சி நட்டு வைப்பாள். வெள்ளிக்கிழமை காலையில் என் மனைவி தலைக்குக் குளித்து, மஞ்சள் பூசி, முந்தானையைச் செருகிக்கொண்டு வருவாள். குழிக்கு மூன்று விதை. ஐந்து நிமிஷ வேலை. அக்கா தண்ணீர்க் குடத்தோடு நாலடி தள்ளி நிற்பாள். முடிந்ததும் மனைவி கீரைப் பொட்டலங்களை எடுத்து அவளிடம் கொடுப்பாள்.

"அண்ணி, நீங்க கீரைய பாத்துக்குங்க."

அக்கா அவற்றை வாங்கி மணலோடு கலந்து, அந்த மூலைப் பாத்திகளில் தூவுவாள். கத்தரி, மிளகாய் நாற்று நடும்போதும் முதல் நாற்று மனைவியின் கையால்தான். மீதி நூறு நாற்றை அக்கா நடலாம்.

எங்களுக்கு இரண்டு பிள்ளைகள். அதுதான் விஷயம் என்பது மூன்றாவது வருஷம் எனக்குத் தெரிந்தது. மனைவி அவளுடைய அம்மாவிடம் போனில் பேசிக்கொண்டிருந்தாள். நான் கூடத்தில் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தேன். "இல்லம்மா, கொடி வெதய அவங்க கையில குடுக்கல. கீரை தான் குடுத்தேன். கீரைக்கு இன்னா, அது காய்க்கவா போவுது," என்றாள். அக்கா அப்போது எங்கே இருந்தாள் என்று நான் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் ஏதாவது பேச வேண்டியிருக்கும். காபி ஆறிவிடும் என்று குடித்து முடித்தேன்.

கைராசி என்பதை எங்கள் பக்கத்தில் யாரும் விளையாட்டாக எடுத்துக்கொள்வதில்லை. டாக்டருக்குக் கைராசி பார்ப்பார்கள், முதல் போணி செய்கிறவருக்குப் பார்ப்பார்கள். படித்தவன் நான், எனக்கு அதிலெல்லாம் நம்பிக்கை இல்லை என்று அலுவலகத்தில் பேசுவேன். நம்பிக்கை இல்லாதவன் செய்திருக்க வேண்டியது ஒன்றே ஒன்று, ஒரு வெள்ளிக்கிழமை அந்த விதையை எடுத்து அக்கா கையில் வைப்பது. நம்புகிறவளைக்கூட ஒரு கணக்கில் விட்டுவிடலாம். நம்பாமலே வாயில் கொழுக்கட்டையை வைத்துக்கொண்டிருந்தவனை என்ன செய்வது?

ஒன்பதாவது வருஷம் மனைவி நீட்டு சுரைதான் வேண்டும் என்றாள். குண்டு சுரையை அரிவாள்மனையில் பிடித்து அரிவது கஷ்டம், நீட்டு என்றால் வட்டம் வட்டமாக வந்துவிடும். அக்காவும் மறுபேச்சில்லாமல் பாய் கடையில் நீட்டு சுரை வாங்கிவந்தாள். வழக்கம்போல வெள்ளிக்கிழமை விதைப்பு நடந்தது. அந்த வருஷம் மனைவிக்குக் கொஞ்சம் ஆர்வம் கூடிவிட்டது. விதையை அரை சாண் ஆழத்தில் அழுத்தி, இரண்டு வேளையும் தானே போய்த் தண்ணீர் ஊற்றினாள். "இவ்ளோ தண்ணி வேணாம்மா, அழுகிடும்," என்று அக்கா ஒரு தடவை சொன்னாள். "நான் போட்டது, நான் பாத்துக்கறேன் அண்ணி," என்று மனைவி சொன்னாள். புடலை வந்தது, பீர்க்கன் வந்தது. சுரைக்குழி மூன்றும் பன்னிரண்டு நாளாகியும் அப்படியே கிடந்தன.

பதின்மூன்றாம் நாளோ பதினான்காம் நாளோ, விடிந்தும் விடியாத நேரத்தில் பல் துலக்கப் பின்பக்கம் போனேன். அக்கா சுரைக்குழியருகே குந்தியிருந்தாள். பக்கத்தில் பிஸ்கட் டப்பா திறந்திருந்தது. விரலால் மண்ணைத் தள்ளி, விதையை நிறுத்திவைத்து, மேலே ஒரு பிடி பொடிமண் தூவினாள். மூன்று குழிக்கும் அப்படிச் செய்தாள். நிமிர்ந்தபோது என்னைப் பார்த்தாள். நான் பிரஷ்ஷை வாயில் வைத்தபடி நின்றேன். அவள் டப்பாவை மூடினாள். நான் ஒன்றும் சொல்லாமல் உள்ளே வந்துவிட்டேன்.

ஆறாம் நாள் மூன்று குழியிலும் முளை வந்தது. "பாத்தீங்களா, லேட்டானாலும் வந்துடுச்சி. என் கை என்னிக்கி ஏமாத்தியிருக்குது," என்று மனைவி என்னைக் கூப்பிட்டுக் காட்டினாள். நல்லா வந்திருக்கு என்று சொன்னேன். அக்கா துணி பிழிந்துகொண்டிருந்தாள்.

அந்தச் சுரை மாதிரி ஒரு சுரை எங்கள் தெருவில் அதற்கு முன்னால் காய்த்ததில்லை. பந்தல் போதாமல் குளியலறைக் கூரைக்குத் தாவி, அங்கிருந்து பக்கத்து வீட்டு முருங்கையைப் பிடித்தது. புரட்டாசி கடைசியில் ஆரம்பித்த காய்ப்பு கார்த்திகை வரைக்கும் நிற்கவில்லை. தொங்கியதெல்லாம் குடம் குடமாகக் குண்டுக் காய்கள். எனக்குச் சுரைக்காய் என்றால் சுரைக்காய்தான், அதற்குமேல் யோசித்ததில்லை. தெரு முழுக்கக் கொடுத்தோம். அலுவலகத்தில் என் விவசாயிப் பட்டம் இன்னும் ஒரு படி உயர்ந்தது.

பனித்திட்டிலிருந்து மீன் கொண்டுவருகிற அம்மா ஒருத்தி உண்டு. புரட்டாசியில் எங்கள் தெருவில் பாதி வீடு மீன் வாங்காது என்று தெரிந்தும் கூடையோடு வருவாள், வந்தால் எங்கள் வீட்டு வாசலில் கொஞ்ச நேரம் உட்காருவாள். அவளுக்கு ஒரு காய் கொடுத்தோம். அடுத்த தடவை அவள் அதற்குச் சங்கரா மீன் கொண்டுவந்தாள். அப்படிக் கொடுக்கல் வாங்கல் நடந்தது. அவள் போகிற தெருவெல்லாம் என் மனைவியின் கை புகழ் பெற்றது.

"இன்னா கைம்மா உன் கை. வெத போட்டியா, மந்திரம் போட்டியா?"

மனைவி சிரிப்பாள். அக்கா உள்ளிருந்து ஒரு செம்பில் தண்ணீர் கொண்டுவந்து அந்த அம்மாவிடம் கொடுப்பாள்.

தைப் பட்டம் வந்ததும் தெருவில் இருந்து மனைவியைக் கூப்பிட ஆரம்பித்தார்கள். எங்க வூட்டுலயும் நாலு வெத உன் கையால போட்டுட்டுப் போ என்று. நான்கைந்து வீட்டுக்குப் போய்வந்தாள். ஒவ்வொரு வீட்டுக்கும் விதைப் பொட்டலம் கட்டிக்கொடுத்தது அக்காதான். அவர்கள் வீட்டுப் பின்பக்கம் நிழலா வெயிலா, குழாய்த் தண்ணியா போர்த் தண்ணியா என்று மனைவியிடமே கேட்டுத் தெரிந்துகொண்டு, அதற்கேற்ற ரகமாக எடுத்து, பேப்பரில் மடித்து, மேலே பெயர் எழுதிக் கொடுப்பாள். மனைவி போய்ப் போட்டுவிட்டு, வெற்றிலை பாக்கு, மஞ்சள், ரவிக்கைத் துணியோடு திரும்பிவருவாள். அந்த ரவிக்கைத் துணிகளை மடித்து அலமாரியில் அடுக்கியதும் அக்காதான். மனைவி கெட்டவள் இல்லை என்று இந்த இடத்தில் எழுதலாம். எழுதினால் அந்தச் சாக்கில் என்னையும் மன்னித்துக்கொண்டதாகிவிடும், அதனால் எழுதவில்லை.

தை முடிகிற சமயம் மீன்காரம்மா ஒரு காலையில் கூடை இல்லாமல் வந்தாள். அவள் மகன் புதிதாக வீடு கட்டியிருந்தான், பக்கத்தில் கொஞ்சம் இடம் விட்டிருந்தான். அங்கே என் மனைவி வந்து விதை போட வேண்டும் என்று கேட்டாள். வாசலில் நாங்கள் மூன்று பேரும் இருந்தோம். அக்காதான் கேட்டாள்.

"உங்க வூட்டாண்ட மண்ணு மணலா இருக்குமே. தண்ணி உப்பு கரிக்குதா?"

"கொஞ்சம் கரிக்கும் தாயி. குடிக்க முடியாது, மத்ததுக்கு ஆவும்."

அக்கா உள்ளே போய்ப் பரங்கி விதையும் காராமணியும் எடுத்துவந்தாள். எதை முதலில் போடலாம், மணலில் குழிக்கு எவ்வளவு எரு சேர்க்கணும், மீன் கழுவின தண்ணியை எத்தனை நாள் விட்டு ஊற்றணும் என்று பொறுமையாகச் சொன்னாள். சொல்லிவிட்டுப் பொட்டலத்தை நீட்டினாள். அந்த அம்மா வாங்கவில்லை. கையை முந்தானையில் துடைத்தபடி என் மனைவியைப் பார்த்துவிட்டு அக்காவிடம் சொன்னாள்.

"தப்பா நெனச்சிக்காத தாயி. அவங்க கையால வாங்கிக்கறேன். மருமவ மாசமா இருக்கா."

அவள் அதைக் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. மருமகளுக்காகப் பயந்து சொன்னாள். அக்காவின் கை நீட்டினபடியே இருந்தது. அவள் அந்த அம்மாவையோ என் மனைவியையோ பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள். மனைவியும் என்னைத்தான் பார்த்தாள். எனக்குப் பஸ்ஸுக்கு நேரமாகியிருந்தது.

"அவகிட்டயே குடுத்துடு அக்கா," என்றேன்.

குடுத்துவிட்டாள். நான் பஸ் ஏறிவிட்டேன்.

சாயங்காலம் நான் வந்தபோது அக்கா பின்பக்கம் கீரைப் பாத்தியில் களை எடுத்துக்கொண்டிருந்தாள். காபியோடு போய் நின்றேன். தலை நிமிராமலே கேட்டாள்.

"அன்னிக்கி காலையில சொரக்குழியாண்ட நீ பாத்த இல்ல?"

"பாத்தேன்."

"அப்பறம் ஏன்டா ஒரு வார்த்த சொல்லல?"

"வூட்ல எதுக்கு சண்டன்னு..."

"எனக்கு அந்தக் காய் வேணாம். அந்த ரவிக்கத் துணியும் வேணாம். நான் போட்டா மொளைக்கும், காய்க்கும்னு ஒருத்தர் வாயால சொல்லணும். அது உன் வாயால வரணும்னு இருந்தேன். வேற யாரு இருக்காங்க எனக்கு?"

அவளுக்கு வேண்டியது அவ்வளவுதான். அதைக் கொடுக்க எனக்குச் செலவு ஒன்றும் இல்லை. நான் தலையைச் சொறிந்துகொண்டு, "வர்ற ஆடிக்கு நானே சொல்றேன், நீயே வெத போடு," என்றேன். அரசாங்க அலுவலகத்தில் இருபது வருஷம் உட்கார்ந்தவன் வாயில் வேறென்ன வரும்? அக்கா சிரித்தாள். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை.

மாசி பிறந்து ஒரு வாரத்தில் கிளம்பிவிட்டாள். வில்லியனூர் பக்கம் ஒரு பெண்கள் விடுதியில் சமையல் வேலை, தங்க இடமும் உண்டு என்றாள். எந்த ஊரில் இருந்து விரட்டினார்களோ அந்தப் பக்கத்துக்கே போகிறாயே என்று கேட்க வந்தது, இங்கே என்ன வாழ்ந்தது என்று திருப்பிக் கேட்டுவிடுவாளோ என்று அடக்கிக்கொண்டேன். ஏன் போகிறாய் என்று நானும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. மனைவி புளிசாதம் கட்டிக்கொடுத்தாள். அக்கா வந்தபோது கொண்டுவந்த அதே அளவு சாமான்தான் போகும்போதும் இருந்தது. பஸ்ஸில் பெட்டியை நான் ஏற்றிவிட்டேன், அந்த மட்டும் உதவினேன்.

அடுத்த ஆனியில் விதைக்கடைக்கு நான் போனேன். பாய் என் தலைக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார்.

"அக்கா வரலியா?"

"வேலைக்குப் போய்ட்டாங்க பாய்."

முன்னால் இருந்த பாக்கெட்டுகளையே எடுத்துப் போட்டார். உள்ளே போய் எதையும் தேடவில்லை. நான் படத்தைப் பார்த்து வாங்கினேன்.

குழியும் நான்தான் எடுத்தேன். எருவுக்குப் பதில் மூட்டையில் வந்த ஏதோ ஒன்றைப் போட்டேன். வெள்ளிக்கிழமை காலையில் மனைவி தலைக்குக் குளித்துவிட்டு வந்தாள். பாக்கெட்டைப் பிரித்து மூன்று சுரை விதையை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு குழியருகே நின்றாள். நின்றவள் போடவில்லை. நான் தண்ணீர்க் குடத்தோடு நாலடி தள்ளி நின்றிருந்தேன்.

"நீங்களே போடுங்க," என்று கையை நீட்டினாள்.

"ஏன்?"

"சும்மா. போடுங்க."

அப்போதுதான் எனக்கு வீரம் வந்தது. அக்கா போய் ஐந்து மாதம் ஆனபிறகு, கேட்க அவள் இல்லாத இடத்தில், சொன்னேன். போன வருஷம் நீ போட்டது முளைக்கவில்லை, அழுகிவிட்டது. அக்காதான் மறுபடி போட்டாள். நான் என் கண்ணால் பார்த்தேன். மனைவி அழுவாள், அல்லது சண்டைக்கு வருவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் விதைகளைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"தெரியும்," என்றாள்.

"எப்டித் தெரியும்?"

"நான் போட்டது நீட்டு சுரை. காச்சது குண்டு. பிஞ்சு விட்ட அன்னிக்கே தெரியும். இது கூடவா தெரியாது பொம்பளைக்கு?"

நான் குடத்தைக் கீழே வைத்தேன். அவள் நிறுத்தவில்லை.

"டப்பாவுல மிச்சம் வச்ச நீட்டு வெதயும் இருந்துச்சி. நானே பாத்திருக்கேன். அதப் போட்டிருந்தா யாருக்கும் தெரிஞ்சிருக்காது. குண்டா பாத்து எடுத்துப் போட்டாங்க. தெரியணும்னு தான் போட்டாங்க."

"தெரிஞ்சும் ஏன் பேசாம இருந்த?"

"அவங்க கை காய்க்கும்னு நான் ஒத்துகினா, ஒம்போது வருஷமா கீரைப் பொட்டலம் குடுத்தேனே, அது இன்னாவாவும்? என்னால முடியல. நீங்க பேசுவீங்கன்னு பாத்தேன். உங்க அக்கா தானே. நீங்க சொன்னா நான் மாட்டேன்னா சொல்லியிருப்பேன்? அந்த மீன்காரம்மா வந்த அன்னிக்கிக் கூட உங்களத்தான் பாத்துகினு இருந்தேன். நீங்க அவகிட்டயே குடுத்துடுன்னீங்க."

விதைகளைக் குழியின் ஓரத்தில் வைத்துவிட்டு உள்ளே போனாள். ஈரத் தலையோடு அடுப்பங்கரையில் பாத்திரம் உருட்டுகிற சத்தம் கேட்டது. அந்த வருஷம் நான் போட்ட சுரை முளைத்ததா என்று யாரும் கேட்க வேண்டாம்.

அந்த வாரம் ஞாயிற்றுக்கிழமை வில்லியனூருக்குப் போனேன். விடுதியின் பின்வாசலில் காத்திருக்கச் சொன்னார்கள். அக்கா கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். கொஞ்சம் இளைத்திருந்தாள், ஆனால் முன்னைவிட நிமிர்ந்து நடந்தாள். பிள்ளைகள் எப்படி இருக்கிறார்கள் என்று கேட்டாள். சொன்னேன். அப்புறம் நான் வந்த விஷயத்தைச் சொன்னேன்: வீட்டில் அவளிடம் சொல்லிவிட்டேன், அந்தச் சுரை உன் கையால் வந்தது என்று சொல்லிவிட்டேன். சொல்லும்போது என் குரலில் ஏதோ பெரிய காரியம் செய்துவிட்ட தோரணை இருந்ததை நானே கேட்டேன்.

அக்கா என்னை உட்காரச் சொல்லவில்லை.

"நீ எதுக்குடா சொன்ன? அந்தக் காயே சொல்லிச்சே. ரெண்டு மாசம் தெனத்துக்கும் நான் அறுத்து, அரிஞ்சி, ஆக்கிப் போட்டேன். உட்கார்ந்து தின்னுட்டுத்தானே ஆபீசுக்குப் போன?"

உள்ளே யாரோ கூப்பிட்டார்கள். இருநூறு பேருக்குச் சாம்பார் தாளிக்க வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். பஸ்ஸுக்கு நிற்கும்போது யோசித்துப் பார்த்தேன். தின்றேன்தான். கூட்டு, பொரியல், அல்வா, எதையும் நான் விடவில்லை.